அரசியின் முறை

ஜூன் 9, திங்கள்

பேச்சுப் பயிற்சி கொடுக்க வரும் பெனிட்டா இன்று ஒரு நோட்டு வாங்கி வைக்கச் சொன்னார். என் மனைவி அரசியின் ரத்த அழுத்தம், சாப்பாடு, நடந்த அடிகள், பேசிய சொற்கள் எல்லாவற்றையும் தேதி போட்டு எழுதிவர வேண்டுமாம். எனக்கு இது பழக்கமான வேலை. முப்பத்து நான்கு வருடம் பொதுப்பணித் துறையில் இருந்தவன். எந்த அணையில், எந்த மதகில் நின்றாலும் மாலையில் தளக் குறிப்பு எழுதாமல் படுத்ததில்லை.

காலை 138/86. மாலை 142/88. வாக்கரைப் பிடித்து நடந்தது பதினான்கு அடி. சாப்பாடு: இரண்டு இட்லி, மதியம் குழைந்த ரசம் சாதம் முக்கால் கிண்ணம். சொற்கள்: ஒன்று.

அந்த ஒன்று ‘அதான்’. தண்ணீர் வேண்டுமென்றாலும் அதான். கால் இழுத்தாலும் அதான். மின்விசிறியை நிறுத்தச் சொல்லவும் அதான். மூளையின் இடப்பக்கத்தில் ரத்தக் குழாய் அடைத்ததில் பேச்சு போய்விட்டது. வலது கையும் காலும் தளர்ந்திருக்கின்றன. இப்படி ஆகும் சிலருக்கு ஒரே ஒரு சொல் மட்டும் மிஞ்சுமாம்.

“உள்ள எல்லாம் அப்படியே இருக்கு சார். வெளிய வர்ற வழிதான் அடைச்சிருக்கு” என்றார் பெனிட்டா.

முப்பது வருடமாகக் கல்லூரியில் கணிதம் நடத்துகிறவளுக்கு மிஞ்சியது இந்த ஒரு சொல்.

பதிவுக்காக: நடந்தது மே 11, ஞாயிறு. சமையலறையில் பாத்திரம் விழுந்த சத்தம் 7.10. ஆம்புலன்ஸை அழைத்தது 7.35.

ஜூன் 10, செவ்வாய்

136/84. பதினாறு அடி. அதான்.

ஜூன் 12, வியாழன்

கல்லூரி அலுவலகத்திலிருந்து விருப்ப ஓய்வுப் படிவம் வந்தது. நான்தான் கேட்டு வாங்கினேன். இன்னும் ஆறு வருடப் பணி இருந்தாலும் இந்த நிலையில் இவள் எங்கே போய் வகுப்பெடுப்பது? மதியம் அரைத்தூக்கத்தில் இருந்தாள். அவள் இடது கட்டைவிரலை மையில் தொட்டுப் படிவத்தில் ஒற்றினேன். விரலைத் துடைத்தும் விட்டேன். மாலையில் படிவத்தைத் திருப்பிக் கொடுத்தாயிற்று. ஒரு வேலை முடிந்தது.

140/88.

ஜூன் 14, சனி

மருத்துவக் காப்பீட்டு அட்டையைத் தேடிப் பின்னறைக்குப் போனேன். அது அரசியின் அறை. பழைய கணினி ஒன்றும் ஒரு புத்தக அலமாரியும் மட்டும்தான் இருக்கும். சாப்பாடு முடிந்ததும் அங்கே போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். கேள்வித்தாள் தயாரிக்கிறாள் என்று நினைத்திருந்தேன். கேட்டதில்லை.

அட்டை கிடைக்கவில்லை. விசைப்பலகைக்கு அடியில் கறுப்பு அட்டை போட்ட நோட்டு ஒன்று கிடைத்தது. முதல் பக்கத்தில் அவள் கையெழுத்தில்:

‘சால்ட் ரிவர் ஆட்டம். புதிதாக வருகிறவர்களுக்கு.’

நூற்றெண்பது பக்கம். சதுரம் சதுரமாக வரைபடங்கள், அம்புக்குறிகள், பட்டியல்கள். நின்றுகொண்டே படித்தேன். கணினியில் ஆடும் ஏதோ விளையாட்டு. அதில் ஒரு தீவு. அதை ஒரு கொடுங்கோலன் ஆள்கிறான். நாம் கூலிக்குச் சண்டை போடுகிற வீரர்களை வேலைக்கு எடுத்து ஊர் ஊராக அதை மீட்க வேண்டும். சதுரங்கம் மாதிரி நம் முறை, அவர்கள் முறை என்று மாறி மாறி வரும். முதல் குறிப்பு இது:

‘இறங்கிய முதல் நாளே யாரையும் சுடக் கிளம்பாதீர்கள். முதலில் ஊரைப் பாருங்கள். எந்தக் கதவு எந்தப் பக்கம் திறக்கிறது, எந்தச் சுவருக்குப் பின்னால் எத்தனை பேர் பதுங்கலாம் என்று பாருங்கள். அவசரப்பட்டுச் சுடுகிறவரைவிட அக்கறையாகப் பார்க்கிறவர் அதிக நாள் உயிரோடு இருப்பார்.’

இரண்டாவது:

‘விலை அதிகமான ஆளை எடுத்தால் ஜெயித்துவிடலாம் என்பது எல்லோரும் முதல் வாரத்தில் செய்கிற தப்பு. அன்டன் மாதிரி கண் சரியாகத் தெரியாத, யாரும் சீண்டாத ஒருத்தனை எடுங்கள். பத்து நாள் கூடவே வைத்துக்கொள்ளுங்கள். நான் சொல்வதை நம்புங்கள்.’

கல்யாணமான முப்பத்தோரு வருடத்தில் அரசி என்னிடம் ‘நான் சொல்வதை நம்புங்கள்’ என்று சொல்லிக் கேட்டதாக நினைவில்லை. சொல்லியிருக்கலாம்.

ஜூன் 15, ஞாயிறு

நோட்டை அவளிடம் காட்டினேன். முகம் சிவந்துவிட்டது. இடது கையால் வெடுக்கென்று பிடுங்கித் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டாள். “அதான்” என்றாள். அதட்டல்.

மாலையில் ஓசூரிலிருந்து கயல் பேசினாள். மகளிடம் விஷயத்தைச் சொன்னேன்.

“அம்மா அத ஆடுவாங்கப்பா. உங்களுக்குத் தெரியாதா?”

“எப்பலேந்து?”

“நான் ஒண்ணாங்கிளாஸ் படிக்கறப்பலேந்து. நீங்க மேட்டூர்ல இருந்தீங்க. ஏதோ கம்ப்யூட்டர் புஸ்தகத்தோட சிடி ஒண்ணு ஓசியா வந்துச்சு. எனக்குன்னு போட்டுக் குடுத்தாங்க, எனக்குப் பிடிக்கல. அவங்க பிடிச்சுக்கிட்டாங்க.”

“எங்கிட்ட சொன்னதே இல்லையேம்மா.”

“நீங்க சனிக்கிழமை வந்துட்டு ஞாயித்துக்கிழமை போயிடுவீங்கப்பா” என்றாள்.

132/82.

ஜூன் 18, புதன்

சக்கர நாற்காலியில் வைத்துப் பின்னறைக்குத் தள்ளிக்கொண்டு போனேன். கணினியைப் போட்டேன். அவள் வலது கை மடியில் கிடந்தது. மவுஸை அவள் பார்த்தாள், தன் கையைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். அதைப் பிடிக்க வேண்டியவன் நான் என்று புரிந்தது.

புது ஆட்டம். நான்கு பேரை எடுத்தேன். எல்லாரும் விலை கூடினவர்கள். கடற்கரையில் இறங்கியதும் நால்வரையும் நேராக ஊருக்குள் நடத்தினேன். பன்னிரண்டு நிமிடத்தில் நான்கு பேரும் செத்துப்போனார்கள்.

பின்னால் ஏதோ சத்தம். வலிப்போ என்று பதறித் திரும்பினேன். அரசி சிரித்துக்கொண்டிருந்தாள். வாய் ஒரு பக்கமாகக் கோணி, கண்ணில் தண்ணீர் வழிய, தோள் குலுங்கிச் சிரித்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததற்குப் பிறகு இதுதான் முதல் சிரிப்பு.

ரத்த அழுத்தம் 128/80.

ஜூன் 20, வெள்ளி

தலையணைக்கு அடியிலிருந்த நோட்டை அவளே எடுத்துக் கொடுத்தாள். பக்கம் புரட்டி, இதைப் படி என்று ஒரு இடத்தில் விரலை வைத்தாள்.

‘ஒவ்வொருவருக்கும் ஒரு முறைக்கு இத்தனை புள்ளி என்று உண்டு. நடக்க, குனிய, குறிபார்க்க, சுட எல்லாவற்றுக்கும் அதில்தான் செலவு. புதியவர்கள் இருக்கிற புள்ளியை எல்லாம் நடந்தே தீர்த்துவிட்டு வெட்டவெளியில் நிற்பார்கள். அடுத்து எதிரியின் முறை. பாதியை எப்போதும் கையில் வையுங்கள். கையில் புள்ளி உள்ளவனால்தான் எதிரி வரும்போது எழுந்து சுட முடியும்.’

அதன்படி செய்தேன். அன்டனை எடுத்தேன், மார்த்தா என்ற மருத்துவரையும் எடுத்தேன். குனிந்து போ என்று அவள் உள்ளங்கையைத் தாழ்த்திக் காட்டினாள். நில் என்றால் கையைத் தூக்கினாள். சரி என்றால் என் முழங்கையில் ஒரு தட்டு. தப்பு என்றால் ‘அதான்’. அந்தச் சொல்லில் ஏழெட்டு வகை இருப்பது இப்போது தெரிகிறது. பள்ளிக்கூடத்தை மீட்டோம். ஒருவரும் சாகவில்லை.

எழுந்து நின்று கைதட்டினேன். அறுபது வயதில் இதற்கெல்லாம் கைதட்டுவேன் என்று யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன்.

ஜூன் 23, திங்கள்

பெனிட்டா வந்தபோது ஆடிக்கொண்டிருந்தோம். திட்டுவார் என்று பயந்தேன். அரை மணி நேரம் நின்று பார்த்தார்.

“சார், மேடம் ஆறு ஸ்டெப் முன்னாடி யோசிக்கறாங்க. நீங்க கவனிச்சீங்களா?”

கவனித்தேன். மூன்றாவது முறையில் அன்டனை ஒரு பயனில்லாத மூலையில் நிறுத்தச் சொல்லி விடாப்பிடியாக நின்றாள். எனக்கு எரிச்சலாக இருந்தது. ஒன்பதாவது முறையில் எதிரி சரியாக அந்த மூலை வழியாக வந்தான்.

இருபத்தாறு அடி.

ஜூன் 26, வியாழன்

இந்த ஆட்டம் ஆடுகிறவர்களுக்கு இணையத்தில் ஒரு தமிழ்க் குழு இருக்கிறது. அரசியின் கணினியில் அது திறந்தபடியே இருந்தது. அங்கே அவள் பெயர் ‘உறையூர் அரசி’. பதின்மூன்று வருடத்தில் ஆயிரத்து நூற்றுச் சொச்சம் பதில் எழுதியிருக்கிறாள். கிள்ளான், இராஜபாளையம், மஸ்கட் என்று எங்கிருந்தோ கேட்டவர்களுக்கு எழுதியிருக்கிறாள். ஒருவரைக்கூட முட்டாள் என்று நினைக்க விடாத பதில்கள். நான் ஒரு மணி நேரத்தில் முப்பது, நாற்பது படித்திருப்பேன். என் துறையில் இப்படி விளக்கத் தெரிந்த ஒரு செயற்பொறியாளரை நான் பார்த்ததில்லை.

கடைசியாக எழுதியது மே 9:

‘நேற்று அணைக்கட்டைக் கடந்தேன். ஆறு பேரும் உயிரோடு. விடைத்தாள் திருத்துவது முடிந்ததும் விவரமாக எழுதுகிறேன்.’

அதன் கீழே எண்பத்தேழு பேர். முதலில், நம்ப முடியவில்லை என்றவர்கள். அந்த அணையில் இரண்டு பேரையாவது பறிகொடுக்காமல் யாரும் கடந்ததில்லையாம். பிறகு, விவரம் எங்கே என்று கேட்டவர்கள். மே மாதக் கடைசியிலிருந்து கேள்வி மாறிவிடுகிறது. மட்டக்களப்பிலிருந்து தவராசா என்பவர் எழுதியிருந்தார்:

‘அக்கா, அணையைப் பற்றி எழுதாட்டியும் பரவாயில்லை. நீங்கள் சுகமா எண்டு மட்டும் ஒரு சொல் போடுங்கோ. ரெண்டாயிரத்துப் பதினாலில எனக்கு வேலையும் இல்லாமல் வீட்டை விட்டு வெளிக்கிடவும் மனமில்லாமல் இருந்த காலத்தில நீங்கள்தான் ஒவ்வொரு நாளும் எனக்குப் பதில் எழுதினீங்கள். அது விளையாட்டுக்கான பதில் மட்டும் இல்லை எண்டு எனக்கு அப்பவே தெரியும்.’

அரசிக்கு வாசித்துக் காட்டினேன். கண்ணை மூடிக் கேட்டாள்.

நானே பதில் எழுதினேன். ‘நான் அரசியின் கணவர் தணிகாசலம். அவருக்கு உடல்நலமில்லை. தேறிவருகிறார்.’ ஒரு மணி நேரத்தில் நாற்பது பேர் பதில் போட்டார்கள். எல்லாருக்கும் அவளைத் தெரிந்திருக்கிறது. நான்தான் புதிதாக வந்தவன்.

ஜூன் 30, திங்கள்

அணைக்கு வந்துவிட்டோம். இது என் பாடம். அரசியிடம் அப்படியே சொன்னேன்.

“அணையைப் பத்தி எனக்கா சொல்லித் தரப் போற? கீழ்ப்பக்கமா எறங்கி, தண்ணி விழற சத்தத்துல மறைஞ்சு போகணும்.”

அவள் தலையை ஆட்டினாள். வேண்டாம் என்று. நான் போனேன். ஆறு பேரும் செத்துப்போனார்கள்.

மறுபடி. ஆறு பேரும்.

ஜூலை 1, செவ்வாய்

இன்று வாயை மூடிக்கொண்டு அவள் கையைப் பார்த்தேன்.

அணையின் மேல்வழி ஒரு ஆள் மட்டும் நடக்கும் அகலம். இரு முனையிலும் காவல். நடுவில் காவல்கூடு. மொத்தம் பதினொரு எதிரிகள். தென்முனையில் ஒரு கைப்பிடிச் சுவரின் நிழலில் ஆறு பேரையும் படுக்க வைக்கச் சொன்னாள். வைத்தேன். அடுத்து யாரை நகர்த்த என்று திரும்பினேன். கையைத் தூக்கினாள். நில்.

நம் முறையை அப்படியே விட்டுக்கொடுத்தேன். எதிரிகள் நடந்தார்கள். மறுபடி நம் முறை. நில். மறுபடி நில். ஒரு காவலன் மார்த்தாவுக்கு மூன்று கட்டம் தள்ளி வந்து நின்றான். என் விரல் மவுஸின் மேல் துடித்தது. அரசி இடது கையால் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். நல்ல பிடி. காவலன் திரும்பிப் போனான்.

அப்போது மெல்லிய, உடைந்த ஒரு குரல் கேட்டது.

“ஒண்ணு.”

கணினியிலிருந்து வருகிறதென்றே நினைத்தேன். பிறகுதான் மணிக்கட்டில் அவள் விரல் தட்டுவது உறைத்தது. எதிரியின் முறை போய் வந்தது.

“ரெண்டு.”

நான் திரும்பவில்லை. திரும்பினால் நின்றுவிடுமோ என்று பயம். திரையையே பார்த்துக்கொண்டு முறை முடிக்கும் பொத்தானை மட்டும் அழுத்தினேன். மூணு. நாலு. அஞ்சில் நாக்கு தடுக்கிற்று. இரண்டு தடவை முயன்று அதையும் சொன்னாள். ஆறு. ஏழு. எட்டு. அந்தக் காவலர்களின் நடையில் ஒரு ஒழுங்கு இருப்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. சுற்று ஒவ்வொன்றும் ஒவ்வொரு நீளம். எல்லாம் ஒன்றுகூடும் ஒரு கணம் எப்போதாவது வரத்தான் வேண்டும். அதை இவள் காகிதத்தில்கூடப் போடாமல் மனதில் கணக்கிட்டிருக்கிறாள். ஒம்பது. பத்து.

“பதினொண்ணு.”

பதினொரு பேரும் ஒரே நேரத்தில் நடுவிலிருந்த காவல்கூட்டுக்குள் நுழைந்தார்கள். இரு முனையும் காலி. அவள் விரல் மார்த்தாவைத் தொட்டது. துப்பாக்கி வீரர்களை விட்டுவிட்டு முதலில் மருத்துவரை அனுப்பினாள். மார்த்தா சுமை குறைந்தவள், காலடிச் சத்தம் இல்லாதவள். நிழலோடு நிழலாகக் காவல்கூட்டின் பின்புறம் ஊர்ந்து போய்க் கதவைத் தாழிட்டாள். அடுத்து அன்டன். மற்றவர்கள் அவன் பின்னால். ஒரு குண்டு வெடிக்கவில்லை. ஆறு பேரும் வடகரையில் நின்றார்கள்.

நான் எழுந்திருக்கவில்லை, கைதட்டவில்லை. கோயிலில் திரை விலகும்போது நிற்பது மாதிரி உட்கார்ந்திருந்தேன்.

சொற்கள்: பன்னிரண்டு.

ஜூலை 2, புதன்

வரிசையாகச் சொல்கிற எண்கள் மூளையில் வேறு வழியாக வரும், அதனால் சிலருக்கு முதலில் திரும்பும் என்று பெனிட்டா விளக்கினார். விளக்கத்தைக் கேட்டதால் எனக்கு வியப்பு ஒரு துளியும் குறையவில்லை.

ஜூலை 4, வெள்ளி

காலையில் கல்லூரி முதல்வர் திலகவதி தொலைபேசியில் அழைத்தார். கையில் மாத்திரை இருந்ததால் ஒலிபெருக்கியில் போட்டேன்.

“சார், மேடத்தோட விருப்ப ஓய்வு அடுத்த மாசம் நிர்வாகக் குழுவுல வைக்கறோம். அதுக்கு முன்னாடி லைப்ரரி புஸ்தகம் ரெண்டு அவங்க பேர்ல இருக்கு, அத மட்டும் குடுத்துட்டீங்கன்னா…”

அரசி கேட்டுக்கொண்டிருந்தாள். நான் பேசி முடித்து வைக்கும்வரை கண்ணை எடுக்கவில்லை. பிறகு தன் இடது கையைத் திருப்பிக் கட்டைவிரலைப் பார்த்தாள்.

“உன் நல்லதுக்குத்தான் அரசி.”

அதான் என்றுகூட அவள் சொல்லவில்லை.

158/96.

ஜூலை 5, சனி

பின்னறைக்கு வரவில்லை. 154/94. சொற்கள்: இல்லை.

ஜூலை 6, ஞாயிறு

152/94. இல்லை.

ஜூலை 7, திங்கள்

பயிற்சிக்கும் ஒத்துழைக்கவில்லை. பெனிட்டா என்னைக் கூடத்துக்கு அழைத்து என்னவென்று கேட்டார். சொன்னேன்.

“மேடத்துக்கிட்ட கேட்டீங்களா சார்?”

“அவளால பதில் சொல்ல முடியாதேம்மா.”

“பதில் சொல்ல முடியாதுன்னா கேக்கவே கூடாதா?”

அவர் போன பிறகு கறுப்பு நோட்டைத் திறந்தேன். எதையோ தேடினேன். எது என்று தெரியவில்லை. நூற்றுப் பன்னிரண்டாம் பக்கம்:

‘ஒப்பந்தம் முடிகிற நாள்வரை காத்திருக்காதீர்கள். முந்தின நாளே நீங்களாகக் கூப்பிட்டு, இருக்கிறீர்களா என்று கேளுங்கள். கேட்காமல் விட்டால் எவ்வளவு நல்ல ஆளும் மூட்டையைக் கட்டிவிடுவார். அவர் கோபித்துக்கொண்டதாக ஆட்டத்தில் எங்கும் காட்டாது. அடுத்த நாள் அந்த இடத்தில் ஆள் இருக்காது, அவ்வளவுதான்.’

ஜூலை 8, செவ்வாய்

காலையில் அவள் கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். கல்லூரி விஷயத்தைப் பேசத்தான் உட்கார்ந்தேன். வாயில் வேறு வந்தது.

“அன்னிக்கு பாத்திரம் விழுந்தது எனக்குக் கேட்டுச்சு அரசி. ஏதோ கை தவறிடுச்சுன்னு நெனச்சேன். பேப்பர்ல மேட்டூர் ஷட்டரைப் பத்தி எழுதியிருந்தான். முடிச்சுட்டு எந்திரிக்கலாம்னு…”

அவள் என்னைப் பார்த்தாள். கோபம் இல்லை, இரக்கமும் இல்லை. கையை நீட்டி இரண்டு விரலைக் காட்டினாள். பிறகு ஐந்து. இருபத்தைந்து நிமிடம். சமையலறைக் கடிகாரம் அவள் விழுந்த இடத்துக்கு நேரே இருக்கிறது. அத்தனை நேரமும் அவள் பார்த்துக்கொண்டு கிடந்திருக்கிறாள். இந்த இரண்டு மாதமும் அதைத் தெரிந்துவைத்துக்கொண்டுதான் என் முழங்கையைத் தட்டியிருக்கிறாள், சிரித்திருக்கிறாள், என் மணிக்கட்டைப் பிடித்து எண்ணியிருக்கிறாள்.

எவ்வளவு நேரம் அப்படி உட்கார்ந்திருந்தேன் என்று பார்க்கவில்லை.

பிறகு இரண்டு காகிதத்தில் எழுதி அவள் முன்னால் வைத்தேன். ஒன்றில் ‘ஓய்வு’. இன்னொன்றில் ‘விண்ணப்பத்தைத் திரும்பப் பெற வேண்டும்’.

“எது வேணும்?”

விரல் உடனே இரண்டாவதில் விழுந்தது. காகிதம் கசங்கும் அளவுக்கு.

ஜூலை 9, புதன்

144/90. முதல்வரை அழைத்தேன். நேரில் வரச் சொன்னார். 17ஆம் தேதி. “அவங்களக் கூட்டிட்டு வாங்க சார். நிர்வாகத்துல கேப்பாங்க, நானும் பாக்கணும்” என்றார். குரலில் தயக்கம்.

ஜூலை 13, ஞாயிறு

நாற்பது அடி. வாக்கரை விட்டு ஊன்றுகோல். பின்னறைக்குத் தானாக வந்தாள். மவுஸை இடது பக்கம் மாற்றி வைக்கச் சொல்லிக் காட்டினாள். இனி எனக்கு அங்கே வேலை இல்லை. பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க இடம் இருக்கிறது.

ஜூலை 17, வியாழன்

கத்தரிப்பூ நிறப் பட்டு கட்டிவிட்டேன். மடிப்பு சரியில்லை என்று மூன்று முறை அவிழ்க்க வைத்தாள்.

முதல்வர் அறையில் திலகவதியும் கல்லூரிச் செயலாளரும் இருந்தார்கள். திலகவதி ஒரு காலத்தில் அரசிக்கு இளையவராகத் துறையில் சேர்ந்தவர். எழுந்து வந்து அரசியின் கையைப் பிடித்துக்கொண்டார். செயலாளர் நல்ல மனிதர்தான். ஆனால் என்னைப் பார்த்தே பேசினார்.

“அவங்களுக்கு நாம பேசறது புரியுதா சார்?”

“அவங்களையே கேளுங்க.”

அவர் கேட்கவில்லை. “வகுப்புல நின்னு பேசணுமே சார். எங்களுக்கும் சங்கடந்தான். பிள்ளைங்க படிப்பு இருக்கு.”

அரசி எங்களைப் பார்க்கவே இல்லை. மேசையில் விரித்திருந்த பெரிய தாள் ஒன்றைத் தலைகீழாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். துணைத் தேர்வுக்கான கண்காணிப்பு அட்டவணை. எந்த நாள், எந்த அறை, எந்த ஆசிரியர் என்று பதினைந்து பத்தி. இடது கையை நீட்டி ஒரு கட்டத்தில் வைத்தாள். திலகவதியைப் பார்த்தாள். பிறகு விரலை நகர்த்தி ஏழு வரிசை தள்ளி இன்னொரு கட்டத்தில் வைத்தாள்.

திலகவதி குனிந்து பார்த்தார். “ஐயோ, ஒரே நேரத்துல ஒரே ஆளு ரெண்டு ஹால்ல.”

அரசி அத்துடன் நிறுத்தவில்லை. மேசையிலிருந்த பென்சிலை எடுத்தாள். நடுங்கும் கோடாக ஒரு அம்பு. அங்கிருந்து இன்னொன்று. மூன்று பேரை இடம் மாற்றினாள். மூன்றாவது மாற்றத்தில் எல்லாம் பொருந்தியது. திலகவதி ஆள்காட்டி விரலால் ஒவ்வொரு வரிசையாகச் சரிபார்த்தார். செயலாளர் தன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு எழுந்து வந்து நின்று பார்த்தார். இந்தத் தடவை அரசியைப் பார்த்துப் பேசினார்.

“நாலு பேரு ஒரு வாரமா போட்டதும்மா இது.”

அரசி பென்சிலைக் கீழே வைத்தாள்.

விண்ணப்பம் என் கையில் திரும்பி வந்தது. டிசம்பர் வரை மருத்துவ விடுப்பு. அதன் பிறகு வகுப்பெடுக்க முடியாவிட்டால் தேர்வுப் பிரிவில் வேலை. வெளியே வரும்போது திலகவதி என்னிடம் மெதுவாக, “நான்தான் சார் முதல்லயே வந்து பாத்திருக்கணும்” என்றார். எனக்கு அவரைக் குறைசொல்ல வாயில்லை.

ஜூலை 20, ஞாயிறு

கயல் வந்திருந்தாள். அம்மாவும் மகளும் ஒரே திரையில் குனிந்திருந்தார்கள். நான் சமைத்தேன். சாம்பார் பரவாயில்லை. சொற்கள் இப்போது இருபதுக்கு மேல். ‘போ’, ‘இல்ல’, ‘கயல்’ புதியவை.

அணையைக் கடக்கும் விவரத்தைக் குழுவில் போட்டோம். அவள் படம் வரைந்தாள், நான் எழுதினேன். ஒரு வாக்கியத்தை நான்கு முறை அடிக்க வைத்தாள். தவராசா முதலில் பதில் எழுதினார்: ‘இப்ப நித்திரை கொள்ளுவன், அக்கா.’

ஜூலை 26, சனி

மருத்துவமனைக்குப் போய்விட்டு ஆட்டோவில் திரும்பிக்கொண்டிருந்தோம். சத்திரம் பேருந்து நிலையம் தாண்டி உறையூர்ப் பக்கம் திரும்ப வேண்டும். அரசி முன் சீட்டைத் தட்டினாள். எதிர்ப்பக்கம் கை காட்டினாள்.

“எங்க?”

மறுபடி காட்டினாள். காவிரிப் பாலம்.

ஆட்டோக்காரர் பாலத்தில் ஓரமாக நிறுத்தி, “சீக்கிரம் வந்துருங்கய்யா, போலீஸ் பாத்தா திட்டுவாங்க” என்றார். நடைபாதைக்கு ஏற்றிவிட்டேன். கைப்பிடியை இடது கையால் பிடித்து நின்றாள்.

கரை நிறையத் தண்ணீர். மேட்டூர் நிரம்பித் திறந்துவிட்டிருக்கிறார்கள். நான் என் வழக்கப்படி ஆரம்பித்தேன். எத்தனை ஆயிரம் கன அடி, முக்கொம்பில் எவ்வளவு கொள்ளிடத்துக்குப் பிரிகிறது என்று. அவள் என் வாயில் விரலை வைத்தாள். அப்புறம் ஆற்றைக் காட்டினாள்.

பார்த்தேன். செம்மண் நிறத்தில், அவசரம் இல்லாமல், பாலத்தின் ஒவ்வொரு தூணையும் இரண்டாகப் பிரிந்து தழுவி மறுபடி ஒன்றாகிப் போய்க்கொண்டிருந்தது. இந்த ஆற்றின் மேல் என் வாழ்நாள் முழுக்க வேலை பார்த்திருக்கிறேன். மாலை வெயிலில் அதற்கு இப்படி ஒரு தோல் உண்டென்று தெரியாது.

அவள் விரல் நகர்ந்தது. அக்கரையில் அம்மா மண்டபத்துப் படித்துறை. இந்தப் பக்கம் நீரேற்று நிலையத்தின் கூரை. நடுவில் நாணல் மூடிய ஒரு திட்டு. ஒவ்வொன்றிலும் ஒரு கணம் நின்று அடுத்ததற்குப் போனது. என்ன செய்கிறாள் என்று புரிய எனக்குச் சற்று நேரம் ஆயிற்று. ஆட்களை நிறுத்திக்கொண்டிருந்தாள்.

“அந்தத் திட்டுல யாரு?” என்று கேட்டேன்.

என் மார்பில் விரலை வைத்தாள்.

“நானா? அங்க ஒளிய ஒரு சுவரு இல்ல. நாலு பக்கமும் வெட்டவெளி. சுட்டுருவாங்க அரசி.”

இல்லை என்று தலையாட்டினாள். தான் நிற்கும் இடத்தை, அந்தக் கைப்பிடியை, ஊன்றுகோலால் ஒரு தட்டுத் தட்டினாள். பிறகு கோலைத் தூக்கித் துப்பாக்கி மாதிரி கைப்பிடியின் மேல் சாய்த்து, ஒரு கண்ணை மூடி, திட்டுக்கு அப்பால் குறிபார்த்தாள். கோணிய வாய் மெல்லச் சிரித்தது.

“போ” என்றாள். “நான்… இருக்கேன்.”